கழற்றாத சட்டை

ஊரிகம்,
12-8-1964

அன்புள்ள ஜானகிக்கு,

நீ கோபித்துக்கொண்டு குடியாத்தம் போனதில் தப்பில்லை. ஆறு மாசமாக உன்னைக் கிட்டே வரவிடாதவன் நான்தான். வேறொருத்தி இருக்கிறாள் என்று நினைத்துவிட்டாய். அப்படியில்லை. என் மார்பு பெண்களுக்குப் போல வீங்கிவிட்டது. சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து ஆட்களோடு குளிப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

நேற்று டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றினேன். "ஆம்பளை உடம்பிலயும் பொம்பளை ஹார்மோன் கொஞ்சம் இருக்கும். நீங்க சாப்பிடற காசநோய் மாத்திரையால அது மிஞ்சிடுச்சு. மாத்திரையை மாத்தறேன், வத்திடும். வத்தலைன்னா சின்ன ஆபரேஷன்" என்றார்.

"நான் ஆம்பளைதானே, டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதுல இன்னா சந்தேகம்? வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்றார்.

வற்றிய பிறகு உன்னைக் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். அதுவரை தனியாக இருக்க என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில் நிற்பேன். இப்படியே என்னைப் பார்க்க வா.

உன் கணவன்