பின் இருக்கையில் படுத்துப் பார்த்தோம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் உன்னிடம் பேசும்போதெல்லாம் அப்பா எதையோ தேடுவது போல அதே அறையில் சுற்றிக்கொண்டிருக்கிறார். உன் முதுகு ஆபரேஷன் தையல் காய்ந்துவிட்டதாகப் பெரியம்மா சொன்னதை என்னைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூட்டிவந்த அன்று தெருமுனை வேகத்தடையில் கார் தூக்கிப்போட்டதையும், நீ அலறியதையும் இங்கே யாரும் பேசுவதில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கோ, வீடு வந்துருச்சு" என்று அப்பா ஓட்டிக்கொண்டே சொன்னதையும்தான். மறுநாள் பெரியம்மாவோடு கிளம்பும்போது, இனி அந்தக் காரில் ஏறவே மாட்டேன் என்றாய்.  அதன்பிறகு அப்பா கடைக்குக்கூட நடந்தே போகிறார்.

போன வாரம் ஒரு பெரிய பெட்டி வந்தது. உள்ளே நான்கு சக்கரத்துக்கும் புது காயில் ஓவர். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தண்டு அது. காரின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். உச்சியில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பி இறுக்கமாகவோ மென்மையாகவோ வைத்துக்கொள்ளலாம். பழைய ஷாக்கில் எண்ணெய் ஒழுகி, ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. "இத்தனை பாடு எதுக்குப்பா, ஒரு டாக்சி வெச்சுக் கூட்டிட்டு வந்துருவோம்" என்று அண்ணன் கேட்டான். "அவ நம்ம வண்டிலதான்டா வலிச்சு இறங்குனா" என்றார் அப்பா. அண்ணன் போய் ஜாக்கியை எடுத்துவந்தான்.

ஷெட்டில் காரை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தினார்கள். எனக்கு டார்ச் பிடிக்கும் வேலை. துருப்பிடித்த ஒரு போல்ட் மட்டும் அசையாமல் அடம்பிடித்தது. அண்ணன் ஸ்பேனரில் குழாயை மாட்டி அதன்மேல் ஏறி நின்றான். "நீ ஏறி நின்னா போல்ட்டுக்கு வலிக்குமாடா? இன்னும் ரெண்டு வாய் சாப்புட்டுட்டு வா" என்று அப்பா கேலி செய்தார். நீ போனபிறகு அவர் செய்த முதல் கேலி.

புதியவற்றை மாட்டியதும் சண்டை வந்தது. கொஞ்சம் தாழ்த்தினால் கார் கெத்தாக இருக்கும் என்றான் அண்ணன். "உங்கம்மா முதுகை வளைச்சுக் குனிஞ்சு ஏறணுமா?" என்று கேட்டுவிட்டு அப்பா வீட்டுக்குள் போனார். நீ சிரமமில்லாமல் உட்கார்ந்து எழும் மர நாற்காலியைத் தூக்கிவந்து பின்கதவுக்குப் பக்கத்தில் போட்டார். பின் இருக்கை அந்த நாற்காலியின் உயரத்துக்கு வரும்வரை காரை இறக்கிப் பார்த்து, உயரத்தை மறுபடி மறுபடி சரிசெய்தார்கள்.

பிறகுதான் தவறு நடந்தது. அப்பாவுடையது குழாய் வேலை செய்து பழகிய கை. சொட்டுக்கூடக் கசியாதபடி இறுக்கினால்தான் அவருக்கு மனசு ஆறும். நான்கு திருகுகளையும் கடைசிவரை இறுக்கிவிட்டார். இறுக்கமாக இருந்தால்தான் கார் ஆடாது என்றார். அண்ணனும் தலையாட்டினான்.

அன்றைக்கு நீ படுத்திருந்தது போலவே என்னைப் பின் இருக்கையில் படுக்கச் சொல்லி, அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அப்பா ஓட்டினார். வேகத்தடையில் என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அதை நம்பி நீ வந்து படுப்பாயே. "முன்னாடி இருந்ததைவிட மோசம்பா" என்றேன். காரை ஓரமாக நிறுத்தினார்.

பெட்டியோடு வந்த விளக்கத் தாளை நான் முன்பே படித்திருந்தேன். கடைசிவரை இறுக்குவது பந்தயக்காரர்களுக்கு, வீட்டுக் காருக்கு இளக்கி வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அப்பா இறுக்கும்போது சொல்லத் தயங்கியதை இப்போது சொன்னேன். "புத்தகப்புழு இன்ஜினியர் ஆயிருச்சு" என்றான் அண்ணன்.  அப்பா இறங்கிப் போய் ஒவ்வொரு திருகாக இளக்கினார். போதும் என்று நினைத்து நிறுத்திய பிறகு, இன்னும் கொஞ்சம் இளக்கினார்.

இந்த முறை அண்ணன் ஓட்ட, அப்பாவே பின்னால் படுத்துக்கொண்டார். நான் முன்னால் இருந்தேன். வேகத்தடையில் கார் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. இன்னொரு தடவை போகச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. ஷெட்டுக்குத் திரும்பியும் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு என்னவோ என்று பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். "இங்க படுத்தா ஓட்டுறவனோட பின்மண்டைதான் தெரியுது" என்றார். பிறகு, "நான் அன்னிக்குத் திரும்பிக்கூடப் பாக்கலம்மா" என்றார். இதை உனக்கு எழுத வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

கார் இனி குலுங்கவே குலுங்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். குறைவாகக் குலுங்கும். வலது முன்சக்கரத்தில் இன்னும் ஒரு சின்னச் சத்தம் வருகிறது. நாளை சக்கரங்களை நேராக்கக் கொண்டுபோகும்போது அதையும் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே வருகிறோம். அண்ணன்தான் ஓட்டுவான். அப்பா பின்னால் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாராம், அவராகவே சொன்னார். நீ கிளம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை அம்மா. பெரியம்மா வீட்டு வாசலில் கார் சும்மா நிற்கும்போது ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார். அவர் பக்கத்தில் இருப்பார். பிடிக்காவிட்டால் இறங்கிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்பு மகள்.

பின்குறிப்பு: அண்ணன் எப்போதோ தூங்கப் போய்விட்டான். அப்பா இப்போதுதான் ஷெட் விளக்கை அணைத்தார்.