கயிறு பிடித்து அடுக்கிய புத்தகங்கள்

திருப்பனந்தாள்,
செவ்வாய்க்கிழமை

என் தங்கை பெற்ற தர்ஷினிக்கு, தாய்மாமன் நீலமேகம் நிறைந்த அன்போடு எழுதுவது. இங்கே அறுப்பு முடிந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் என் வயலில்தான் நல்ல விளைச்சல் என்று ஊரே பேசுகிறது. பேசாதவர்களிடம் நானே சொல்லிவிட்டேன். சிங்கப்பூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அம்மா காதில் விழுந்துவிடுகிறது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதக்கூடாது என்று வாங்கவில்லை.

போன மாதம் நம் மாவட்டத்தும் பக்கத்து மாவட்டத்தும் பள்ளி நூலகர்கள் சேர்ந்து, உன் அம்மா தங்கமணிக்கு அவள் பள்ளிக்கூட நூலகத்திலேயே பாராட்டு விழா வைத்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அவளிடம் வேலை பழகியவர்கள். கலெக்டர் வருவதாக ஊரில் சொல்லியிருந்தேன். வரவில்லை, வந்திருந்தால் அசந்திருப்பார். விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம், அவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, அத்தனை புத்தகத்தையும் இறக்கி, உயரவாரியாக நானே அடுக்கி வைத்தேன். கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி வரிசை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் செய்த வேலை என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

மறுநாள் அவள் வந்தவர்களை வரவேற்பதிலேயே இருந்தாள். வேதாரண்யத்துப் பள்ளியில் நூலகராக இருக்கும் செந்தாமரை என்ற பெண், "எங்க அக்கா பாக்காமயே புத்தகம் எடுப்பாங்க, பாருங்க" என்று சொல்லி, மீன்களைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கேட்டாள். உன் அம்மா நேரே ஜன்னலோரம் போய்க் கையை விட்டு எடுத்து நீட்டினாள். பார்த்தால் ஊறுகாய் போடும் முறை சொல்லும் புத்தகம். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அட்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அண்ணே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க" என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் அவள் கண்ணால் எடுக்கவில்லை, இடத்தை வைத்து எடுத்திருக்கிறாள். நீ எழுதி அனுப்புவதையெல்லாம் அடுத்த வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உனக்குக் குரலில் பதில் அனுப்புகிறாள்.

தஞ்சாவூரில் டாக்டரிடம் இழுத்துப்போனேன். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டதாம். போனது போனதுதான், மிச்சத்தை இந்த மாதமே வைத்தியம் பார்த்தால் காப்பாற்றலாம் என்கிறார். இவளோ, பரீட்சை முடியட்டும், நான் படுத்தா அந்த ரூமைப் பூட்டிருவாங்க என்கிறாள். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல ஆளுக்கொரு நாள் லீவு போட்டு வந்து திறக்கிறோம் என்று செந்தாமரையும் மற்றவர்களும் கெஞ்சிப் பார்த்துவிட்டார்கள். கேட்கவில்லை. என் அதட்டலுக்கு ஊரே நடுங்கும். அவள் மட்டும் காபி வேணுமா என்கிறாள்.

இப்போது தினமும் சாயங்காலம் நூலகத்தில்தான் இருக்கிறேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையும் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். அவள் அதன் பழைய இடத்தைச் சொல்கிறாள். இன்னும் ஒரு சுவர் பாக்கி. இடுப்பு விட்டுப்போயிற்று, தர்ஷினி. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு வந்து சேர். உன் பேச்சு ஒன்றுக்குத்தான் அவள் மறுபேச்சு பேசமாட்டாள். அந்த ஆண்டவன் உனக்குத் துணையிருக்கட்டும். வரும்போது, எப்போதும்போல வாசலில் நின்று சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்காதே. முதலில் அம்மா என்று கூப்பிடு.

உன் மாமன்,
நீலமேகம்