சுவருக்கு அந்தப் பக்கம்

மாப்ள,

ஆறு வருசம் கழித்து இப்படிக் கூப்பிடுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கோபப்படாதே, மூச்சு வாங்கும்.

நீ அங்கே சேர்ந்த மறுநாள் என் போனில் அந்தக் கொரோனா செயலி சிவப்பாகிவிட்டது. தொற்று வந்தவரோடு நான் தினமும் நெருக்கமாக இருந்தேனாம். பழங்காநத்தம் கடைத்தெருவே எட்டி நின்று வேடிக்கை பார்த்தது. பாதிப் பேர் பயந்துபோய் அங்கேயே செயலியை அழித்தார்கள். பூக்கார முனீஸ்வரிதான் சிரித்தாள். "ஏண்ணே, மூஞ்சியக்கூடப் பாக்காத ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே இருந்தீகன்னுல்ல சொல்லுது! போனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

ஒரே பாத்திரக் கடையை இரண்டாக்கி நாம் எழுப்பிய சுவர் போனுக்குத் தெரியவில்லை.

மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "நடுவுல சுவர் இருந்தா சொல்லுங்க சார், உங்க பேரை எடுத்துடுறேன். நாளைக்கே கடையைத் திறக்கலாம்."

ஆவணி முகூர்த்தக் காலம். ஒரு நாள் கடையடைத்தாலே எனக்கு நெஞ்சடைக்கும், உனக்குத் தெரியும். இருந்தும், "இல்லம்மா, கூடத்தான் இருந்தோம்" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது விளாங்குடி வீட்டு மாடியில் தனியே கிடக்கிறேன். பகலிலேயே கண் சொக்குகிறது. அரைத்தூக்கத்தில் அந்தச் சுவர் தண்ணீர் போல அசைகிறது. அதற்கு அப்பால் நீ பித்தளைக் குடத்தை விரலால் சுண்டிப் பார்க்கிறாய். இத்தனை வருசமும் காலையில் அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நான் வியாபாரத்தைத் தொடங்கினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

கண்ணைத் திறந்தால் சத்தம் நின்றுவிடுகிறது. அதனால் மூடியே வைத்திருக்கிறேன். சீக்கிரம் வந்து கடையைத் திற.

உன் கூட்டாளி