குற்றாலத்திலிருந்து ஆறு கிலோமீட்டர்

ஜூலை 8, செவ்வாய்

சாரல். மூன்று நாளாகத் துணி காயவில்லை. ஈர யூனிபார்மோடு டியூட்டி.

காலையில் இவர் கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது. வலது கை மரத்துப்போகிறதாம். சீசன் தொடங்கியதிலிருந்து அருவிக்கரையில் தினம் இருபது முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிற கை, மரக்காமல் என்ன செய்யும். "மாரியப்பண்ணன்கிட்ட எண்ணெய் போட்டுத் தேய்ச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ரோபோ ஒத்திகை. சென்னையில் டாக்டர் திருகுகிறார், தென்காசியில் எங்கள் மேஜைமேல் கம்பி நகர்கிறது. தொடையில் குழாய் போட்டுக் கொடுப்பது நாங்கள். அங்கிருந்து மூளைவரை போய் ரத்தக்கட்டியை எடுப்பது அவர். பக்கவாதம் வந்தவரைத் தூக்கிக்கொண்டு இனி மதுரைக்கு ஓட வேண்டாம். கைதட்டல், ஆளுக்கொரு லட்டு. இவருக்கும் ஒன்று எடுத்து வைத்தேன்.

ஜூலை 9, புதன்

நேற்று நடந்தது. மறப்பதற்குள் எழுத வேண்டும். மறக்கவா போகிறது.

காலை 9: அருவிக்கரையில் இவருக்கு வாய் கோணியது, பேச்சு குழறியது. மாரியப்பண்ணன் இவரோடு பதினைந்து வருடமாக எண்ணெய் தேய்ப்பவர். வாயுப்பிடிப்பு என்று நினைத்திருக்கிறார். எண்ணெயைச் சூடாக்கி நாலு பேராகத் தேய்த்தார்கள். போர்த்திப் படுக்கவைத்தார்கள். தூங்கினால் சரியாகிவிடும், எனக்குச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று முடிவு.

மாலை 6: எழுப்பினால் எழவில்லை. ஆட்டோ.

தென்காசிக்கு மொத்தமே ஆறு கிலோமீட்டர்.

ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் பெரும்பகுதி போய்விட்டது. திரையில் சென்னை டாக்டர், "இனி கட்டியை எடுத்தா உள்ள ரத்தம் கசியும், சிஸ்டர். வேண்டாம்" என்றார். நோயாளி யாரென்று அவருக்குத் தெரியாது. ரோபோவுக்கு மறுபடி உறையைப் போட்டு மூடியது நான்தான்.

ஜூலை 11, வெள்ளி

கண் திறந்தார். வலது கை காலில் அசைவு இல்லை. பேச்சு இல்லை. என்னைத் தெரிகிறதா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

வாங்க: டயபர், உறிஞ்சுகுழாய், முன்பக்கம் திறக்கிற சட்டை.

மா. அண்ணன் வார்டு வாசலிலேயே நிற்கிறார், உள்ளே வரமாட்டேன் என்கிறார். "நான் தேய்ச்சே அவனைக் கெடுத்துட்டேன், தாயி." மாமியார் அவரை வாய்க்கு வந்தபடி பேசினார். நான் பக்கத்தில் நின்று சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் நழுவியதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷி.

ஜூலை 14, திங்கள்

லீவு கேட்டேன். ஆளில்லை.

புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் ஒருவர். வாய் கோணியதும் அவர் மனைவி அப்படியே வண்டியில் ஏற்றிவிட்டார். ரோபோவில் முதல் நிஜ நோயாளி. கம்பிகளை எடுத்துக் கொடுத்தது நான். வெளியே நல்ல மழை, சென்னை லைன் போய்விடுமோ என்று எல்லோருக்கும் பயம். போகவில்லை. முக்கால் மணி நேரத்தில் கட்டி வெளியே. மேஜையிலேயே கையைத் தூக்கி, இன்றைக்கு லாரி போயிற்றா என்று கேட்டார்.

அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்து, "மகராசியா இருப்பே" என்றார். பாத்ரூமில் போய் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. பொறாமை. அந்த மனுஷர் பிழைத்ததில் எனக்குப் பொறாமை. இதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

இவருக்குக் கஞ்சி அரை டம்ளர். பாதி கன்னத்தில் வழிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் குற்றாலத்துக்கே அனுப்பினார்கள். எண்ணெய் தேய்ப்பவர்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம். முப்பது பேர். மா. அண்ணன் கடைசி வரிசை. அன்றிலிருந்து எண்ணெயைத் தொடவில்லையாம். தொட்டாலும் அவரிடம் யாரும் முதுகு காட்டுவதாக இல்லையாம், கூட்டம் தொடங்கும்முன் ஒருவர் சொன்னார்.

வாய், கை, பேச்சு. மூன்றில் எது கோளாறானாலும் தேய்க்காதீர்கள், உடனே 108. பாடம் மாதிரி ஒப்பித்தேன். முடித்துவிட்டு இறங்கியிருக்கலாம்.

"அன்னைக்கு விடியக்காலமே எங்க வீட்டுக்காரருக்குக் கை மரத்துச்சு. எங்கிட்டதான் முதல்ல சொன்னாரு. எண்ணெய் தேய்ச்சுக்கிடுங்கன்னு அனுப்பினது நான்தான். மாரியப்பண்ணன் மேல தப்பில்ல."

மா. அண்ணன் எழுந்து கிட்டே வந்தார். திட்டட்டும் என்று நின்றேன். திட்டவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"நீ நர்ஸுல்லா, தாயி" என்றார்.