கவுண்டருக்கு அடியில் இருந்த ரொட்டி

க்னியாஷெவாட்ஸ்,
டிசம்பர் 11

மதிப்பிற்குரிய வர்த்தக அமைச்சர் டாக்டர் திஹோமிர் ஒஸ்தோயிச் அவர்களுக்கு,

மூன்றாம் மாடி, பதினான்காம் அறையில் வேலை பார்க்கும் நெவெனா பெஷிச் எழுதுவது. நலம். நீங்களும் நலமாக இருப்பதைத் தினமும் தொலைக்காட்சியில் பார்க்கிறேன்.

நான் பேசத் தெரியாதவள் என்று உங்களுக்குத் தெரியும். போன வாரம் மூன்று முறை உங்கள் அறை வாசலில் வந்து நின்றேன். முதல் முறை நீங்கள் தொலைபேசியில் இருந்தீர்கள். இரண்டாம் முறை ஆலோசகர் ஓக்னியென், "என்னம்மா, கையெழுத்து வேணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொல்லி வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாம் முறை யாரும் தடுக்கவில்லை. அப்போதும் கதவைத் தட்ட எனக்குக் கை வரவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் வந்துவிட்டேன். வாயால் முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதில் மரியாதைக் குறைவாக ஏதாவது வந்தால், அது தெரிந்தே வந்தது.

எங்கள் கடைக்கு முப்பது நாள் சீல் வைத்திருக்கிறார்கள். இன்று பதினோராவது நாள். இதை நீங்கள் அறிவீர்கள். இரண்டாம் தேதி பத்திரிகையாளர்கள் முன் ஒரு புகைப்படத்தைத் தூக்கிக் காட்டி, "ஏழைகளோட ரொட்டிய கவுண்டருக்கு அடியில ஒளிச்சு வைக்கிறவங்களுக்கு இந்த நாட்டுல கடை கிடையாது" என்று சொன்னீர்களே, அந்தக் கடைதான். ஊர்ப் பெயரைச் சொன்னீர்கள். கடைக்காரியின் பெயரைச் சொல்லவில்லை. இங்கே சொல்லத் தேவையும் இல்லை. மறுநாள் காலை, எங்கள் தெருவில் நாற்பது வருடமாக இருக்கும் ஒரு அம்மாள் என் அம்மாவைப் பார்த்ததும் எதிர்ப்பக்கத்துக்குப் போய் நடந்தாராம்.

என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

மலிவு விலை ரொட்டி எங்கள் கடைக்குக் காலையில் நாற்பதுதான் வரும். சதுக்கத்தில் இருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும். போன மாதம் முப்பதாம் தேதி மாலை நான்கேகாலுக்கு ஒரு சந்தை ஆய்வாளர் வந்தார். சின்னப் பையன், மூக்கெல்லாம் குளிரில் சிவந்திருந்ததாம். அம்மா அவருக்கு முதலில் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவர் குடித்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார், குனிந்து கவுண்டருக்கு அடியில் பார்த்தார். அங்கே துணியில் சுற்றி ஒரு ரொட்டி இருந்தது.

அது ஷிவ்கோ அண்ணனுக்கு. செருப்புத் தொழிற்சாலை மூடுகிறவரை அதில் வேலை பார்த்தவர். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்கு ஸாயெச்சார் நகர மருத்துவமனைக்குப் போகிறார். வண்டி அவரை ஐந்து மணிக்குத்தான் திரும்பக் கொண்டுவந்து இறக்கும். அந்த மூன்று நாளும் அம்மா அவருக்கு ஒன்று எடுத்து வைப்பாள்.

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. "அம்மா, இது உங்க வீட்டுக்குன்னு சொல்லிடுங்க, நான் பார்க்கலைன்னு எழுதிட்டுப் போறேன்" என்றாராம். அம்மா கோபித்துக்கொண்டிருக்கிறாள். "என் வீட்டுக்கு நான் எதுக்குப் புது ரொட்டி எடுக்கணும்? நான் நேத்து ரொட்டி திங்கிறவ. இது ஷிவ்கோவோடது. வேணும்னா ஐஞ்சு மணி வரைக்கும் உட்காருங்க, அவரையே கேளுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர் உட்காரவில்லை. படம் எடுத்தார், எழுதினார், கதவில் நாடா ஒட்டினார். ரொட்டி சாட்சியமாம், அதனால் தொடக்கூடாதாம். அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஷிவ்கோ அண்ணன் ஐந்து மணிக்கு வந்து நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று அம்மாவிடம், "என்னால உனக்கு இப்படி ஆயிடுச்சே தெசங்கா" என்று அழுதிருக்கிறார். அதன்பிறகு இந்தத் தெருப் பக்கமே வருவதில்லை.

தராசுக்கு மேலே, சுவரில், நீங்களும் நானும் நிற்கும் படம் மாட்டியிருந்தது. அமைச்சகத்தில் எடுத்தது. "அதைக் காட்டியிருக்கலாமே அம்மா" என்று கேட்டேன். "காட்டினா திஹோமிருக்குல்ல கெட்ட பேரு வரும்" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள்.

அமைச்சர் அவர்களே, உங்கள் வாழ்க்கைக் குறிப்பை அமைச்சகத்தின் இணையதளத்துக்கு எழுதிக் கொடுத்தவள் நான். சிறு வணிகம் பற்றிய முனைவர் பட்டம், பல்கலைக்கழகம், புத்தகம், பத்திரிகைக் கட்டுரைகள், தொலைக்காட்சி விவாதங்கள், அமைச்சர் பதவி. பதினோரு வரி. ஒரு விஷயத்தை மட்டும் எழுதவில்லை, என்னைப் பற்றியது போல் ஆகிவிடும் என்று கூச்சமாக இருந்தது. அந்த முனைவர் பட்டத்துக்காக நீங்கள் நாற்பது நாள் எங்கள் கடையில் நின்றீர்கள். எனக்கு ஆறு வயது. உங்களிடம் ஒரே கோட்டு இருந்தது, கையில் நோட்டு. யார் வருகிறார்கள், என்ன வாங்குகிறார்கள் என்று எழுதுவீர்கள். அம்மாவை அக்கா என்றீர்கள். நான் உங்களை மாமா என்றேன். பெல்கிரேட்டிலிருந்து வந்தவருக்கு எங்கள் ஊர் மிளகாய் தாங்கவில்லை. கண்ணில் நீர் வழிய, "அக்கா, இதுக்கு வரி போடணும்" என்றீர்கள். அப்பா அதைச் சாகும்வரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எடுத்து வைத்த ரொட்டியை முதலில் கவனித்தவர் நீங்கள்தான். அது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி, நாங்கள் கவனித்ததில்லை. இதில் யார் யாருக்கு எது என்று கேட்டுக் கேட்டு எழுதினீர்கள். தரையில் வைத்தால் எலி வரும் என்று ஒரு பலகையை அறுத்து கவுண்டருக்கு அடியில் நீங்களே தட்டு அடித்துக் கொடுத்தீர்கள். ஆணி வளைந்தது, விரலில் அடித்துக்கொண்டீர்கள். மிச்சமிருந்த நீல வண்ணத்தை எடுத்து நான் அதற்குப் பூசினேன். கடைசி இருபது நாள் அந்தத் தட்டில் உங்களுக்கும் ஒரு ரொட்டி இருந்தது.

பிறகு அது உங்கள் புத்தகத்தில் வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். பெரிய கடையில் ரொட்டி முதலில் வருகிறவருக்கு, சிறிய கடையில் அது தேவைப்படுகிறவருக்கு. இந்த வேறுபாட்டை விலையால் அளக்க முடியாததால் நம் துறை இதைப் பார்க்கவே இல்லை என்று எழுதினீர்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பொருளாதாரம் படிக்கப் போனதற்குக் காரணம் அந்தப் பக்கம். எங்கள் கவுண்டருக்கு அடியில் கிடந்தது ஒரு புத்தகத்தில் ஏற முடியும் என்றால், நானும் அந்த உலகத்துக்குள் நுழையலாம் என்று நினைத்தேன்.

போட்டித் தேர்வு எழுதி அமைச்சகத்துக்கு வந்தேன். இன்னாரின் மகள் என்று உங்களிடம் சொல்லவில்லை. முதல் வருடம் நீங்கள் டிராமில் வந்தீர்கள். உங்கள் காப்பியை நீங்களே போட்டீர்கள். எந்தத் தாள் போனாலும், "இதை எழுதினது யாரு?" என்று கேட்டீர்கள். அப்புறம் டிராம் நின்றது. அதை நான் குறை சொல்லவில்லை, அமைச்சர் டிராமில் வந்தே தீர வேண்டும் என்று இல்லை. பிறகு, எழுதியவர் யார் என்று கேட்பது நின்றது. இப்போது கூட்டம் தொடங்கும்போதே, "இது டிவில எப்படித் தெரியும்?" என்றுதான் கேட்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் நான்கு வருடம்தான்.

ரொட்டி அரசாணையின் ஏழாம் விதியை எழுதியவள் நான். கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் மலிவு விலை ரொட்டி வாங்க வருகிறவரின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சில கடைகளில் மலிவு ரொட்டியை உள்ளே வைத்துவிட்டு விலை கூடியதையே விற்றார்கள். மாலை வண்டியில் வரும் தொழிலாளிகள் வேறு வழியில்லாமல் அதை வாங்கிப்போவதை நான் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் "கண்ணில் படும்படி" என்று போட்டேன். நீங்கள் அந்த வரியைச் சத்தமாகப் படித்து, எழுதியவர் யார் என்று அன்று கடைசியாகக் கேட்டீர்கள். நான் எழுந்து நின்றேன். தெசங்காவின் மகள் என்று அப்போதுதான் சொன்னேன். எல்லார் முன்னிலும் கட்டிப்பிடித்தீர்கள், படம் எடுக்கச் சொன்னீர்கள்.

எங்கள் நீலத் தட்டை நானும் மறந்துதான் அந்த வரியை எழுதியிருக்கிறேன். அது என் குற்றம், அதை உங்கள் மேல் போட மாட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "நல்லாத்தான் எழுதியிருக்கே. என்னைத் தவிர எல்லாரையும் நினைச்சிருக்கே" என்றாள்.

ஆனால் உங்கள் மேல் போட வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆய்வுக்கு முந்தின நாள் காலை அமைச்சகத்து நடைக்கூடத்தில் ஓக்னியென் யாரோ பெரிய கடை முதலாளியிடம் தொலைபேசியில் பேசினார். "நாளைக்கு கிழக்குப் பக்கம் ஆய்வுக்கு வர்றாங்க. உங்க கடைங்க எல்லாத்துலயும் அலமாரி வழியணும், சொல்லிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். சதுக்கத்துப் பெரிய கடையில் மறுநாள் மாலை மலிவு ரொட்டி மலை மாதிரி குவிந்திருந்தது. அங்கே சாதாரண நாளில் பத்து மணிக்கு மேல் அது கிடைக்காது. அந்த மலையில் எங்கள் தெருவுக்கு வர வேண்டியதும் இருந்தது. எங்கள் கடைக்கு அன்று வந்தது இருபத்தைந்துதான்.

நான் அதைக் காதால் கேட்டேன், அமைச்சர் அவர்களே. கையில் ஒரு கோப்போடு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். என்னைப் பார்த்தும் அவர் குரலைத் தாழ்த்தவில்லை. நான் வாய் திறக்க மாட்டேன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். நான் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை போன் செய்திருக்கலாம். அது முறையில்லை என்று செய்யவில்லை. அன்று முழுக்க அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் பேசியது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால், உங்கள் அலுவலகத்தில் நடப்பது உங்களுக்கு முன் எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தெரியும் என்றால் மேலே சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

இன்னொரு கேள்வி. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீங்கள் தூக்கிக் காட்டிய படத்தில் ரொட்டிக்குக் கீழே நீலப் பலகை தெரிந்தது. வளைந்த ஆணியின் தலைகூடத் தெரிந்தது. அம்மா தொலைக்காட்சியை நெருங்கிப் போய் விரலால் தொட்டு, "ஏய், இது நம்ம திஹோமிர் அடிச்ச தட்டு" என்றாள். பழைய ஆளைப் பார்த்த சந்தோஷம் அவள் குரலில். அதற்குப் பிறகுதான் நீங்கள் சொன்னது அவள் காதில் விழுந்தது. திரையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

அதை அடித்த கை உங்களுடையது. கையில் வைத்திருந்தபோது உங்களுக்கு அடையாளம் தெரியவில்லையா?

ஓக்னியென் நேற்று என்னைத் தொலைபேசியில் அழைத்தார். சீலை இரண்டு நாளில் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம், அம்மாவை வாய் திறக்காமல் இருக்கச் சொல் என்றார். "வீட்டு விஷயம்தானே, பெருசு பண்ணாதே" என்றார். வேண்டாம் என்றேன். என் வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர்கள் எடுத்துவிட்டால் சீல் போகும். ஒளித்து வைத்தவள் என்ற பேச்சு போகாது. எதிர்ப்பக்கம் போய் நடந்த அம்மாள் இந்தப் பக்கம் வர மாட்டார். ஷிவ்கோ அண்ணனும் வர மாட்டார்.

திங்கட்கிழமை மேல்முறையீடு கொடுக்கிறேன். உங்கள் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அதோடு இணைக்கிறேன். ஏழாம் விதியை எழுதியவள் நான், அதில் என் தவறு இன்னது என்று எழுதியிருக்கிறேன். நடைக்கூடத்தில் கேட்டதையும் தேதி, நேரத்தோடு எழுதிக் கையெழுத்து போட்டிருக்கிறேன். பிறகு பதினான்காம் அறையில் எனக்கு மேசை இருக்காது. இருக்க வேண்டாம்.

உங்களிடம் நான் கேட்பது சீலை அல்ல. அதே கேமராக்கள் முன்னால் நின்று அந்தக் கடைக்காரியின் பெயரைச் சொல்லுங்கள். தெசங்கா பெஷிச் ரொட்டியை ஒளித்து வைக்கவில்லை, ஒரு நோயாளிக்கு எடுத்து வைத்தாள் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். நாற்பது நாளில் நீங்கள் கற்றுக்கொண்டதும் அதுதானே.

இந்தப் பத்தொன்பதாம் தேதி எங்கள் வீட்டுப் புனித நிக்கோலா திருநாள். அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, நினைவிருக்கிறவர்கள் வருவார்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் அன்று கதவைச் சாத்தவும் கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அந்த நாற்பது நாளுக்குப் பிறகும் ஆறு வருடம் இந்தத் திருநாளுக்கு வந்தவர்தானே. அதனால் நான் அழைக்கவில்லை. எனக்கு உங்கள் மேல் இருக்கும் கோபத்தில் அழைக்கவும் மனமில்லை. நோன்பு நாளில் விழுவதால் இறைச்சி கிடையாது, மீனும் அவரைக் குழம்பும்தான். மிளகாய் வறுத்து வைப்பார்கள்.

மேசை முனையில் ஒரு நாற்காலியும் ஒரு ரொட்டியும் உங்களுக்கென்று எடுத்து வைக்கப்போகிறாளாம் அம்மா. எதற்கு என்று சண்டை போட்டேன். "பசியோட வருவான்டி, பெல்கிரேட்ல எவ அவனுக்கு எடுத்து வைக்கப்போறா" என்றாள். உங்களுக்குக் கடவுள் நல்ல ஆரோக்கியம் தர வேண்டும் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன், அது அவளுடையது.

என்னுடையது இது. வருவதாக இருந்தால் அதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாருங்கள். ஆட்களோ கேமராவோ வேண்டாம், அந்தப் பழைய கோட்டு இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள். கடை வழியாக வர முடியாது, நாடா ஒட்டியிருக்கிறது. பின்பக்கம் சுற்றி வாருங்கள். கதவைத் திறப்பது நான்தான். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தெசங்காவின் மகள்
நெவெனா