நெட்டும் டிவியும் நிறுத்தியாயிற்று

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம், உன் அம்மாவின் முட்டி மட்டும் அவளைப் போலவே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனி நம்பத்தான் முடியும், பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மா ஏன் வரவில்லை என்று தவித்திருப்பாய். எனக்கு நீ செய்த போனையெல்லாம் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். நெட்டும் டிவியும் சேர்ந்த இணைப்புக்குப் போட்ட இரண்டு வருஷ ஒப்பந்தம் போன மாதம் முடிந்தது, அடுத்த பில்லிலேயே கம்பெனிக்காரன் விலையை ஏற்றிவிட்டான். கேட்டால் சலுகை முடிஞ்சிடுச்சு சார் என்கிறான். முந்நூறு சேனல் வருகிறது, பார்ப்பது நாலு, யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. நிறுத்தப்போகிறேன் என்றதும் என்னை வேறொருவனிடம் மாற்றினார்கள், போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுப்பதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். டிவியை எடுத்துட்டு நெட்டை மட்டும் வச்சுக்கங்க சார், பழைய விலையில பாதிதான் என்று கெஞ்சினான். நியாயமான விலைதான். உன் ஒப்பந்தம் முடியும்போது நீயும் வேறு கம்பெனியின் விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசு, முதலில் சொல்வதற்குத் தலையாட்டிவிடாதே. நான் எதுவும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

காசு மிச்சம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், உன்னிடம் எதற்குப் பொய். அன்றைக்கு நான் குளித்துவிட்டு வரும்போது ஹாலில் வீடியோவில் உன் குரல், இன்னும் எத்தனை வருஷம்மா அப்பா கத்துறதைக் கேட்டுக்கிட்டு இருப்ப, டிக்கெட் போடுறேன், கிளம்பி வந்துடு என்றாய். அவள் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஸ்வெட்டர் அங்க வாங்கிக்கலாமா, இங்கிருந்தே எடுத்துட்டு வரணுமாடி என்று கேட்டாள்! பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை முழியைப் பார்த்தே பிடித்த பரிசோதகன் நான், என்னைக் கண்டதும் அவள் முழித்தது அதே திருட்டு முழி. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, அதை என் வீட்டு ஹாலிலேயே பார்த்தேன்.

மறுநாளே செட்டாப் பெட்டி, ரூட்டர், ரிமோட், வயர் எல்லாவற்றையும் கம்பெனி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன், ஒரு வயர் குறைந்தாலும் அபராதம் போடுவார்கள். குழந்தை இப்ப எழுந்து நிக்கிற நேரம், ஒரே ஒரு தடவை பாத்துக்கிறேங்க என்று உன் அம்மா பின்னாலேயே வந்தாள். நீ பார்க்காவிட்டால் அது நிற்காதா என்றேன். அப்புறம் நான் மார்க்கெட் போன நேரத்தில், நீ வாங்கிக்கொடுத்த டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுத் தையல்காரர் வாசலில் போய் நின்றிருக்கிறாள், அந்த முட்டியோடு படியிறங்கி. அவர்கள் நெட்டில் உன்னைக் கூப்பிட்டாளாம், உனக்கு நடுராத்திரி, நீ எடுக்கவில்லை. தையல்காரரிடம் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். மனுஷன் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் மாற்றினார், நம்மிடம் வாடகைக்கு இருப்பவர் வேறென்ன செய்வார். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை, தட்டை மட்டும் கொண்டுவந்து வைக்கிறாள்.

அவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாயா? நீங்களும் வாங்கப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் நாக்கு தேய்ந்தா போய்விடும். எனக்குப் பயமாக இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன், படித்துச் சந்தோஷப்படு.

குழந்தை நோய்நொடியில்லாமல் வளரட்டும், நீங்கள் இருவரும் ஒற்றுமையாக இருங்கள். டிக்கெட் போட்டிருந்தால் உடனே ரத்து செய், தாமதித்தால் பணம் திரும்பாது, அவள் பாஸ்போர்ட் என் அலமாரியில் இருக்கிறது. தானும் உனக்கு ரெண்டு வரி எழுத வேண்டுமென்று கதவருகே வந்து நிற்கிறாள், இத்தனை நாளில் இதற்காகத்தான் வாயைத் திறந்திருக்கிறாள். தாளில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். பின்பக்கம் முழுக்கக் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா