சத்தம் போட ஓர் ஊர்

ஆகஸ்ட் 20, புதன்

மாப்பிள்ளை இன்றைக்கும் போன் எடுக்கவில்லை. முழு ரிங் போய் நின்றது. ஆடி முடிந்தே போனது, ஒரு எட்டு வந்து தலைகாட்டவில்லை. பெண்ணாடத்தில் அவங்க அம்மா வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் விருத்தாசலத்தில் இறங்கி என் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார் ஆனந்தராஜ். இப்போது என்ன வந்தது?

சென்னையில் இருக்கிற மகள் சிவசங்கரியைப் போனில் கேட்டால், "அவருக்கு வேலைம்மா" என்கிறாள். உலகத்தில் யாருக்கும் இல்லாத வேலை!

செராமிக் யூனிட்டில் கப்பு சாஸரைத் தட்டிப் பார்த்து எடுக்கிறவள் நான். நல்ல கப்பு கணீர் என்று பேசும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். என் பெண் பேசும்போது அந்தச் செத்த சத்தம்தான் கேட்கிறது. கல்யாணமாகி மூணு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் என்னடி ஆச்சு உங்களுக்கு?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சும்மா மனசைப் போட்டு ஒழப்பிக்காத அம்சா" என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சிவசங்கரி திடீரென்று போன் பண்ணி, "அம்மா, நீயும் நானும் மட்டும் ஆர்மீனியா போலாமா?" என்கிறாள். அது எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. மலை நாடாம். டூர் கம்பெனி கிடையாதாம். முதுகில் பையை மாட்டிக்கொண்டு, கிடைக்கிற பஸ்ஸில் ஏறி, கிடைக்கிற இடத்தில் தங்குவதாம். இந்த மூட்டுவலியோடு!

இவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நம்பிக் கேட்டேன். "தாராளமா போயிட்டு வா" என்றார். உளுந்தூர்பேட்டைக்குத் தனியாகப் போகவே ஆயிரம் கேள்வி கேட்கிற மனுஷன்!

பாஸ்போர்ட் இருக்கிறது. சிங்கப்பூர் கூட்டிப் போகிறேன் என்று மாப்பிள்ளை எடுக்க வைத்தது. அதைப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

யூனிட்டில் என்னோடு வேலை செய்கிற சம்சாத் பேகம் ஒரு பெரிய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "எங்க வூட்டுக்காரரு துபாய்ல போட்டதுக்கா. குளுருக்கு நல்லா இருக்கும்."

"துபாய்ல ஏதுடி குளுரு?"

"ஏசி ஆபீஸுக்கா!"

புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் வைத்ததும் பை நிறைந்துவிட்டது. துணிக்கு இடமில்லை. பையை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து பழகினேன். பார்த்தவங்க எல்லாம் கோச்சிக்கிட்டுக் கிளம்பிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

மாப்பிள்ளைக்குப் போகிறேன் என்று மெசேஜ் போட்டேன். நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

யெரெவான் என்கிற ஊர். நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தோம். தங்கியிருப்பது ஹாஸ்டலாம். ஒரே அறையில் எட்டுப் பேர், ரயில் பெட்டி மாதிரி மேலே கீழே கட்டில். அதில் மூன்று பேர் ஆம்பளைங்க! "இவனுங்களும் இங்கியா தூங்குவானுங்க?" என்றேன். "ஸ்லீப்பர் கோச்சுன்னு நெனச்சிக்கோம்மா" என்கிறாள். ஸ்லீப்பரில் டி.டி.ஆராவது வருவார்.

காலையில் எழுந்து பார்த்தால் கொடியில் காயப்போட்ட என் சுங்குடிச் சேலையைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், எதிர்க் கட்டில்காரன் அதைத் திரையாகக் கட்டிக்கொண்டு உள்ளே குறட்டை விடுகிறான். ஹாஸ்டலில் திரைக்காக வைத்த துணி என்று நினைத்தானாம். முந்தானையை இழுத்தேன். அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். பார்த்தால் பாவமாக இருந்தது. பருப்புப்பொடி சாதம் கொடுத்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டான்.

ரொம்ப நாள் கழித்து சிவசங்கரி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று எழுந்து பாத்ரூமுக்குள் போய்விட்டாள். நெடுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

தொட்டி நிறையப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? ஹாஸ்டல் அடுப்படியைக் கழுவி விட்டேன். வாசலைக் கூட்டினேன். அவ்வளவுதான், நான் இங்கே வேலைக்காரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருத்தி வந்து துண்டு கேட்டாள். அலமாரியில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அடுத்து ஒருத்தன் தலைமுழுக்க சோப்பு நுரையோடு வந்து, சுடுதண்ணி நின்றுபோனதற்கு என்னிடம் சத்தம் போடுகிறான்.

"நாந்தான் நிறுத்துனனா? போயி பச்சத் தண்ணில குளிடா!" என்றேன். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். மத்தியானத்துக்குள் ஹாஸ்டலே எனக்குப் பயப்பட ஆரம்பித்துவிட்டது.

"உன் தொண்டைக்கு விசா தேவையில்லம்மா" என்றாள் சிவசங்கரி. எனக்கும் சிரிப்பு வந்தது.

மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு தடவை ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் பேச்சை மாற்றிவிட்டாள். மாதா கோயிலைப் பார், மலையைப் பார் என்கிறாள். மலையை நான் என்ன பண்ணுவது?

செப்டம்பர் 17, புதன்

திலிஜான். காட்டுக்கு நடுவில் சின்ன ஊர். நாரினே என்று ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், தன் வீட்டிலேயே வந்தவர்களுக்கு அறை விடுகிறாள். இங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. அதுவே பெரிய நிம்மதி.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். என் முன்னால் மேஜையில் அகலமாக, மெல்லிசாக, காய்ந்துபோய் ஒன்றை விரித்து வைத்தாள். சரி, இந்த ஊர் இலை போலிருக்கிறது என்று நினைத்து, கையில் தண்ணீரை எடுத்துத் தெளித்துத் துடைத்தேன்.

"அய்யோ அம்மா! அது ரொட்டி!" என்று சிவசங்கரி அலறினாள்.

எனக்கு உடம்பே கூசிவிட்டது. ஆனால் நாரினே எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். குளிர்காலத்துக்கு வேண்டி அந்த ரொட்டியைக் காயவைத்து எடுத்து வைப்பார்களாம், சாப்பிடும்போது தண்ணீர் தெளித்துத்தான் மெதுவாக்குவார்களாம். "உங்கம்மாவுக்கு இது எப்பிடித் தெரியும்னு கேக்கறாங்கம்மா" என்றாள் சிவசங்கரி. எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையை ஆட்டி வைத்தேன்.

சாப்பிட்டதும் சின்னக் கப்பில் காப்பி வந்தது. கஷாயம்தான், அடியில் கால்வாசி மண்டி. குடித்து முடித்ததும் என் கை சும்மா இருக்குமா? விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, அடியில் இருக்கிற வளையம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கப்பைக் கவிழ்த்தேன். மண்டியெல்லாம் சாஸரில் ஊற்றிக்கொண்டது. நாரினே கைதட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்துவிட்டாள். இந்த ஊரில் கப்பைக் கவிழ்த்தால் குறி பார்க்கச் சொல்கிறோம் என்று அர்த்தமாம்!

சரி, வந்தது வரட்டும் என்று இருந்தேன். மண்டி காய்ந்ததும் கப்புக்குள் எட்டிப் பார்த்து, சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னாள். எனக்குத்தான் இங்கிலீஷ் வராதே, சிவசங்கரி முகத்தைப் பார்த்தேன்.

"ஒரு வூடு தெரியுதாம்மா" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுல ஒரு பொண்ணு தனியா இருக்குதாம். கூட இருந்தவரு போயிட்டாராம். அடிதடி, சண்டை ஒண்ணுமில்லியாம். ரெண்டு பேருக்கும் ஒத்துவரல, பேசி முடிச்சிக்கிட்டாங்களாம். அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருக்குதாம். அவங்கம்மாவுக்குத்தான் இன்னும் தெரியாதாம்."

"யாருடி அது?"

"கப்புல மொகம் தெரியாதாம்மா."

நாரினே சிரித்துக்கொண்டு சொன்னதை இவள் ஏன் அழுதுகொண்டு சொன்னாள்? நாலு வார்த்தை எப்படி இவ்வளவு நீளம் ஆச்சு?

வேண்டாம். குறிதானே. எவளோ ஒருத்தி.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் நான் அடுப்படிக்குப் போனபோது நாரினே மட்டும்தான் இருந்தாள். சிவசங்கரி எழுந்திருக்கவில்லை. நாரினே போனில் அவள் பாஷையில் ஏதோ பேசி, போனை என் பக்கம் நீட்டினாள். அது ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி தமிழில் பேசியது.

"நேற்று உங்கள் கோப்பையில் ஒரு கோழி இருந்தது. வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள். இதற்கு உங்கள் மகள் ஏன் அழுதாள்?"

கோழி. வெறும் கோழி.

போனில் சொன்னேன் — "அது எம் பொண்ணு கதைம்மா." அது நாரினேயிடம் என்னவென்று சொன்னதோ, அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகளிடம் இன்னும் கேட்கவில்லை. நாள் முழுக்கக் காட்டில் அவள் பின்னாலேயே நடந்தேன். கேட்டுவிட்டால் நிஜமாகிவிடும். இல்ல, இப்ப மட்டும் பொய்யா?

செப்டம்பர் 19, வெள்ளி

கேட்டுவிட்டேன். திலிஜான் பஸ் நிறுத்தத்தில், பையை இறக்கி வைத்ததும் கேட்டேன்.

"கப்புல கோழிதான் இருந்துதாமே?"

அவள் ஒளிக்கவில்லை. பொங்கலுக்கு அப்புறமே பிரிந்துவிட்டார்களாம். அவர் வேறு வீடு பார்த்துப் போய்விட்டாராம். கோர்ட்டில் இரண்டு பேரும் சேர்ந்தே எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

"பெண்ணாடத்துல தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்பாவுக்கு?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்புறம் நான் போட்ட சத்தம் எனக்கே முழுசாக நினைவில்லை. பெத்தவ நான் ஒருத்திதான் பைத்தியக்காரியா? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்குச் சொல்ல கப்பா, காப்பியா? நானு ஒருத்தி மாப்ள மாப்ளன்னு நாள் தவறாம போன் அடிச்சிக்கிட்டு... அந்த மனுஷன் எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேப்பர் படிச்சாரே! மார்பில் அடித்துக்கொண்டேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ செத்துப்போன சேதி வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு போலீஸ்காரர் வந்து, யாரோ எங்களிடம் திருடிவிட்டார்கள் என்று நினைத்து, பையைத் திறக்கச் சொல்லி ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திராட்சை விற்கிறவள் கடையை விட்டுவிட்டு ஓடிவந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, விரலை நீட்டி நீட்டி சிவசங்கரியை அவள் பாஷையில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். இவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, "டைவர்ஸ்" என்றாள். அந்த வார்த்தை அங்கேயும் புரிகிறது. திராட்சைக்காரி உடனே கட்சி மாறிவிட்டாள். இவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து, ஆளுக்கு ஒரு குலையைக் கையில் திணித்தாள்.

மூச்சு வாங்கி நான் நிறுத்தினேன். சிவசங்கரி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கத்தும்மா. இன்னும் கத்து. அதுக்குத்தான் உன்ன கூட்டியாந்தேன்."

"என்னா?"

"நம்ம தெருவுல நீ சத்தம் போட்டா மூணாவது வூட்டுக்குக் கேக்கும். அப்பறம் எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சேன்னு நீ வாசப்படி தாண்ட மாட்டே. யூனிட்டுக்குப் போவ மாட்டே. என்னால தானேன்னு நான் தெனம் சாவணும். இங்க நீ என்னா சொன்னாலும் ஒருத்தருக்கும் புரியாது. அதான்."

பஸ் வந்தது. டிரைவரே பையை ஏற்றி என்னை முன் சீட்டில் உட்காரவைத்தார். திராட்சையைத் தின்றுகொண்டே வந்தோம். மாப்பிள்ளை போனதற்குக்கூட இவ்வளவு வலிக்கவில்லை. பெற்ற தாயிடம் ஒரு சேதி சொல்ல என் பெண் எத்தனை நாடு தாண்டி வர வேண்டியிருந்திருக்கிறது! நான் அப்பேர்ப்பட்டவளா? அவ்வளவு பயமா என்னைப் பார்த்தால்?

செப்டம்பர் 20, சனி

வீட்டுக்காரர் போன் பண்ணினார். எடுக்கவில்லை. முழு ரிங் போகட்டும்.

செப்டம்பர் 24, புதன்

ஊருக்கு வந்தாச்சு. ஜங்ஷனுக்கு இவர் வந்திருந்தார். "அவளே சொல்லிக்கிறேன்னா அம்சா. என் வாயைக் கட்டிப்போட்டுட்டா" என்றார். சோறு வைக்கிறேன், காப்பி வைக்கிறேன், பேச்சில்லை. பேச வந்தால் வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

சிவசங்கரி சென்னைக்குப் போய்விட்டாள். தனியாக அந்த வீட்டில் என்ன சாப்பிடுகிறாளோ. எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. இன்றைக்கு யூனிட்டில் நல்ல கப்பையெல்லாம் உடைசலில் தூக்கிப் போட்டேன். சம்சாத் பார்த்துவிட்டு எடுத்து வைத்தாள். ஜாக்கெட் எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். அடுத்த கப்பை எடுத்துத் தட்டினேன்.

அக்டோபர் 3, வெள்ளி

ஆனந்தராஜ் போன் எடுத்தார். நானும் எதிர்பார்க்கவில்லை. "அத்தை" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க நிறைய வைத்திருந்தேன். கேட்கவில்லை.

"சாப்ட்டீங்களா தம்பி?" என்றேன். மாப்பிள்ளை என்று வாயில் வரவில்லை.

"இனிமேதான் அத்தை" என்றார். அழுகிற சத்தம் கேட்டது. அவரும் ஒரு பிள்ளைதானே. வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் தனியாகவே பெண்ணாடம் பஸ்ஸில் ஏறினேன். சிவசங்கரிக்குச் சீராகக் கொடுத்த பாத்திரமெல்லாம் சம்பந்தி வீட்டுப் பரணில்தான் இருந்தது. அந்தம்மா என்னைப் பார்த்ததும் அழுதாள், நானும் அழுதேன். யார் பக்கம் தப்பு என்று இரண்டு பேரும் பேசவில்லை. சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன். இட்லிப் பானை, குத்துவிளக்கு, அண்டா என்று ஒவ்வொன்றாக அவளே துடைத்துத் துடைத்து எடுத்துக் கொடுத்தாள். எல்லாவற்றிலும் இரண்டு பேர் பெயரும் சேர்த்து வெட்டியிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், பாத்திரம் என்ன பண்ணும்?

குட்டியானை லோடு வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தேன். எங்கள் தெருமுனையில் டிரைவர் மாயவன் வேகத்தைக் குறைத்தான். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற நேரம், பாதித் தெரு வெளியே நின்றது.

"அக்கா, பின்சந்து வழியா வுட்டுடவா?" என்றான். தெரிந்த பையன்தான், நல்ல எண்ணத்தில்தான் கேட்டான்.

"எதுக்கு? வாசல்லயே நிறுத்துப்பா" என்றேன்.

பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் குடத்தை வைத்துவிட்டு வந்தாள். "என்னா அம்சா, சீர் பாத்திரமெல்லாம் திரும்பி வருது?"

"சிவசங்கரியும் அவரும் பிரிஞ்சிட்டாங்க கண்ணம்மா. அவ சென்னையில தனியா இருக்கா. ஆக்கித் திங்க பாத்திரம் வேணும்ல? நாளைக்கு நானே கொண்டுபோயி குடுத்துட்டு, நாலு நாள் இருந்துட்டு வரேன்."

எப்போதும் பேசுகிற தொண்டையில்தான் சொன்னேன். குழாயடியில் நின்றவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

இவர் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அண்டா கனமாக இருந்தது, என்னால் தனியாக இறக்க முடியவில்லை.

"ஏங்க, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க" என்றேன்.

ஓடிவந்து பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கி, கூடத்தில் வைத்தோம்.